குழாயடியில் ஒரு விரிவுரை

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். மிச்சம் இருக்கிற தண்ணீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை கழுவ வேண்டும். வாய் கொப்பளிக்க வேண்டும். மூக்கைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்புறம் முகம். முழங்கை வரை இரண்டு கைகள். ஈரக் கையால் தலையைத் தடவிக்கொண்டு, கடைசியாகக் கணுக்கால் வரை இரண்டு கால்கள். முடியுமா?

முடியாது என்றுதான் நானும் நினைத்தேன். புதுச்சேரியில் முல்லா வீதிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் மொட்டை மாடியில் செய்து காட்டினார். முதல் தடவை இடது காலுக்குத் தண்ணீர் போதவில்லை. இரண்டாவது தடவை சரியாக வந்தது. பாட்டிலின் அடியில் ஒரு மிடறு மிச்சம்கூட இருந்தது. அதற்கு முன்னால், வழக்கமாகச் செய்வதுபோல் குழாயைத் திறந்துவிட்டு, அடியில் பக்கெட்டை வைத்து ஒளு செய்யச் சொல்லியிருந்தேன். பக்கெட்டில் சேர்ந்ததை லிட்டர் மக்கால் அளந்து பார்த்தால் ஏழு மக். நண்பர் சிரிக்கவில்லை. 'தினமும் அஞ்சு வேளை' என்று மட்டும் சொன்னார்.

நபிகள் நாயகம் ஒளு செய்தது ஒரு 'முத்' அளவுத் தண்ணீரில். புகாரி, முஸ்லிம் இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிற செய்தி. முத் என்பது இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்தால் கொள்கிற அளவு; இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குள்தான் வரும். குளிப்பதற்கு நான்கைந்து முத்.

இதை எதற்கு இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், 'இஸ்லாமும் சுற்றுச்சூழலும்' என்கிற ரீதியில் அந்த நண்பர் கொடுத்த நாலைந்து சின்னப் புத்தகங்களை ஒரே மூச்சில் படித்தேன். எழுதியவர்கள் வேறு வேறு. புத்தகம் என்னவோ ஒன்றேதான். முதல் பக்கத்தில் மனிதன் பூமியில் இறைவனின் பிரதிநிதி என்று வரும். அடுத்து, மனிதர்களின் கைகள் செய்ததால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டது என்கிற பொருளில் வரும் 30-ஆம் அத்தியாயத்தின் 41-ஆம் வசனம். பிறகு, உலகம் முடிகிற நேரம் வந்துவிட்டாலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடச் சொல்லும் நபிமொழி. முடிவில், இன்றைய விஞ்ஞானம் சொல்வதை 1400 வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பெருமூச்சு.

இந்த வியாதி ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமில்லை. ஸ்தல விருட்சத்தையும் கோயில் குளத்தையும் வைத்து இதே புத்தகத்தை எழுதுகிற நம்மவர்கள் எத்தனை பேர்! குளத்தைச் சுற்றி காம்ப்ளெக்ஸ் கட்டியது யார் என்று மட்டும் அதில் இருக்காது. படித்து முடித்ததும் பெருமையாக இருக்கும். எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூட வேண்டும் என்று தோன்றாது. வேத வாசகம் உண்மையா பொய்யா என்பது என் கேள்வி இல்லை. விளக்கம் சொல்கிறவர்கள் எந்த வாசகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எதை மெதுவாகத் தாண்டிப் போகிறார்கள்? அதுதான் எனக்குச் சுவாரஸ்யம்.

முதலில் அந்தப் 'பிரதிநிதி'யைப் பார்ப்போம்.

குர்ஆனின் 2-ஆம் அத்தியாயம் 30-ஆம் வசனம். பூமியில் ஒரு 'கலீஃபா'வை ஏற்படுத்தப்போவதாக இறைவன் வானவர்களிடம் சொல்கிறான். அவர்கள் மறுத்துப் பேசுகிறார்கள். அங்கே குழப்பம் செய்து ரத்தம் சிந்துகிற ஒருத்தரையா வைக்கப்போகிறாய் என்கிறார்கள். உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று பதில் வருகிறது. மனிதன் பிறப்பதற்கு முன்பே அவன்மேல் புகார் பதிவாகிவிட்டது, பாருங்கள். புத்தகங்கள் இந்தப் புகாரை இரண்டு வரியில் கடந்துவிட்டு, 'பிரதிநிதி' என்கிற பட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கின்றன.

கலீஃபா என்ற அரபுச் சொல்லின் வேர், 'பின்னால் வருதல்'. ஒருத்தர் போனபின் அந்த இடத்துக்கு வருகிறவர். அப்துல் ஹமீது பாகவியின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது 'பிரதிநிதி' ஆனது. பிற்கால மொழிபெயர்ப்பு ஒன்றில் அதே இடத்தில் 'தலைமுறை' என்று இருக்கிறது. இது ஏதோ நவீன வம்பு என்று நினைக்க வேண்டாம். 14-ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ்காரர் இப்னு கதீர், ஒருவர் பின் ஒருவராக, தலைமுறை தலைமுறையாக வருகிற மக்கள் என்றுதான் அங்கே பொருள் சொல்கிறார். அவருடைய ஆசிரியர் இப்னு தைமிய்யா, இறைவனுக்குப் பிரதிநிதி என்று யாரும் இருக்க முடியாது என்று வாதிட்டவர். ஊரில் இல்லாதவருக்குத்தானே பிரதிநிதி வேண்டும்? முதல் கலீஃபா அபூபக்கரை ஒருவர் 'அல்லாஹ்வின் கலீஃபா' என்று அழைத்தபோது, தான் நபிக்குப் பின் வந்த கலீஃபா மட்டுமே என்று அவர் திருத்தினார் என்பதும் பழைய நூல்களில் உள்ள செய்தி.

இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை வாடகை வீட்டை வைத்துச் சொல்லலாம். ஓனரின் பிரதிநிதி என்றால் நான் குடித்தனக்காரர்களை அதட்டலாம். எனக்கு முன்னால் ஒருத்தர் காலி பண்ணிப் போனார், எனக்குப் பின்னால் ஒருத்தர் சாவி வாங்க வருவார் என்றால், வெள்ளையடித்துத்தான் கொடுக்க வேண்டும். இரண்டாவதில் அந்தஸ்து குறைவு. பொறுப்பு கூடுதல். அதனால்தானோ என்னவோ, முதலாவதுதான் எல்லாருக்கும் பிடிக்கிறது. சர்ரா திலீலி என்கிற ஆய்வாளர் 2012-இல் குர்ஆனில் வரும் விலங்குகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். பிராணிகளும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற பொருள்படும் 6-ஆம் அத்தியாயத்தின் 38-ஆம் வசனத்தை வைத்துக்கொண்டு, மனிதனை மையத்தில் நிறுத்துவது வாசகமா, விளக்கம் சொன்னவர்களா என்று துருவுகிறார். நம் சின்னப் புத்தகங்களில் இந்த வசனம் எட்டிப் பார்ப்பதோடு சரி.

அடுத்தது அந்தத் தரையும் கடலும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலையில் நடப்பவர்களுக்கு இந்த வசனம் கண் முன்னால் கிடக்கிறது, கருங்கல்லாக. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகளை நீட்டினார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். தடுப்பு அதை மறித்தது. தெற்கே மணல் மேடிட்டது, வடக்கே ஊரின் கடற்கரை கரைந்து போனது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு 2018 வாக்கில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்தார்கள். கைகள் செய்தது, கடலில் கேடு. அச்சு அசலாகப் பொருந்துகிறது இல்லையா?

பொருந்துகிறது. ஆனால் பழைய விரிவுரைகளில் இந்த அர்த்தம் கிடையாது. அந்த வசனத்தில் வரும் 'கடல்' என்பது நீரோரத்து ஊர்களைக் குறிக்கும் என்றார்கள் முற்கால விரிவுரையாளர்கள் சிலர். 'சீர்கேடு' என்பதற்கு மழையின்மை, பஞ்சம், பாவங்கள் என்றார்கள். பிளாஸ்டிக்கும் கரியமிலவாயுவும் நம் காலத்தில் உள்ளே நுழைந்தவை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கிற நூலுக்குள் ஒவ்வொரு தலைமுறையும் தன் கவலையோடுதான் நுழையும். ஆனால் நாம் இப்போது இப்படி வாசிக்கிறோம் என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'அன்னிக்கே சொல்லிட்டாங்க' என்று சொன்னால், நாம் செய்யவேண்டிய வேலையையும் அன்றைக்கே யாரோ செய்து முடித்துவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த வேலையை நிஜமாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட், சுற்றுச்சூழல் நெருக்கடிக்கு மேற்கத்திய கிறிஸ்தவத்தின் மனிதமையப் பார்வையே வேர் என்று எழுதிப் பரபரப்பு கிளப்பியது 1967-இல். அதற்கு ஒரு வருஷம் முன்பே, ஈரானிய அறிஞர் சையத் ஹுசைன் நஸ்ர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதே நெருக்கடியைப் பற்றி உரைகள் நிகழ்த்திவிட்டார். 1968-இல் அது புத்தகமானது. அப்போது முஸ்லிம் நாடுகளில் அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. நமக்கு இன்னும் பக்கத்தில் ஒருவர் உண்டு. ஃபஸ்லுன் காலித், அப்போது சிலோனாக இருந்த இலங்கையில் பிறந்து இங்கிலாந்துக்குப் போனவர். 1994-இல் பர்மிங்ஹாமில் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2015-இல் இஸ்தான்புல்லில் வெளியான இஸ்லாமியப் பருவநிலைப் பிரகடனத்திலும், 2024 பிப்ரவரியில் நைரோபியில் வெளியான 'அல்-மீஸான்' என்கிற விரிவான ஆவணத்திலும் அவர் பங்கு உண்டு. இஸ்தான்புல் பிரகடனத்தில் எனக்குப் பிடித்தது அதன் ஒப்புதல் வாக்குமூலம். பூமியைப் பார்த்துக்கொள்ள வந்த மனித இனமே அதன் நாசத்துக்குக் காரணமாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, எண்ணெய் எடுக்கும் நாடுகளே முன்னால் நின்று புகையை நிறுத்த வேண்டும் என்கிறது. அதாவது வானவர்களின் புகாரைத் தாண்டிப் போகவில்லை. எண்ணெய் நாடுகள் கேட்டார்களா என்பது வேறு கதை.

காலித்தின் அமைப்பு 1990-களின் கடைசியில் ஸான்ஸிபாரில் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெம்பா தீவுக்குப் பக்கத்தில் மிசாலி என்று ஒரு குட்டித் தீவு. மீனவர்கள் வெடி வைத்து மீன் பிடித்தார்கள். பவளப்பாறை நொறுங்கியது. அரசாங்கம் தடை போட்டது, யாரும் மதிக்கவில்லை. இவர்கள் போய் இமாம்களையும் மீனவர்களையும் உட்காரவைத்து குர்ஆனை வைத்துக்கொண்டு பேசினார்கள். வெடி குறைந்தது. அங்கே பேசியதும் இதே கலீஃபாவைப் பற்றித்தானே என்று நீங்கள் என்னை மடக்கலாம். ஆமாம். ஆனால் அங்கே அந்தப் பெரிய சொல் ஒரு சின்ன, குறிப்பான செயலோடு கட்டப்பட்டிருந்தது. வெடி வைக்காதே, அவ்வளவுதான்.

புதுச்சேரியில் அந்தக் குறிப்பான செயல் எது? எனக்குத் தெரிந்து தண்ணீர்தான்.

இந்த ஊரின் அரசுச் சின்னமே ஒரு தண்ணீர்க் கதைதான். பாரதி பூங்காவில் நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்ட ஆயி மண்டபம், முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்கிற பெண்ணைப் பற்றிய கதையைக் கைடுகள் நன்றாகவே சொல்வார்கள். கடலோரத்தில் இருக்கிற ஊருக்கு உள்நாட்டிலிருந்து தண்ணீர் வர வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். இன்றைக்கு வீட்டுக்கு வீடு போர்வெல். கரையோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. தரைக்கடியில் நல்ல தண்ணீர் கடல் தண்ணீரை நெட்டித் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மேலே நீர்மட்டம் 1 அடி இறங்கினால் கீழே உப்பு சுமார் 40 அடி மேலே ஏறிவரும் என்பது நிலத்தடி நீரியலில் பாலபாடம்.

நண்பர் வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு இருந்தது. இப்போது அதன்மேல் கடப்பைக் கல் மூடி, அதன்மேல் வாஷிங் மெஷின். 'ராட்டினத்துல இறைச்சு செம்புல ஊத்தி ஒளு செஞ்ச காலத்துல யாரும் எங்களுக்கு பயான் பண்ணல தம்பி. இறைக்கிற கை வலிக்கும், அதனால அளவாத்தான் ஊத்துவோம்' என்றார் நண்பரின் அம்மா. அந்தக் கிணற்றுத் தண்ணீர் அவர் கண்ணெதிரேதான் கரித்தது. குடிக்கிறது நின்றது, அப்புறம் சமையல் நின்றது, அப்புறம் துணி துவைப்பது.

இங்கேதான் எனக்கு மார்க்கச் சட்ட நூல்கள், ஃபிக்ஹு என்பார்களே, அவை சின்னப் புத்தகங்களைவிடச் சுவையாகப் படுகின்றன. கவித்துவம் கிடையாது. எல்லாம் அளவு, தூரம், பங்கு.

ஓடுகிற ஆற்றின் கரையில் இருந்தாலும் ஒளுவில் தண்ணீரை விரயம் செய்யாதே என்று ஒரு நபிமொழி அடிக்கடி சொல்லப்படும். இப்னு மாஜாவில் இருக்கிறது. அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலர் ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். சின்னப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னாலும் நஷ்டமில்லை, முத் கணக்கு உறுதியாக நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் நவவி, ஷாஃபி மரபின் பெரிய தலை, கடற்கரையில் உட்கார்ந்திருந்தாலும் நீரை வீணாக்கக் கூடாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்திருக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். கடற்கரை! புதுச்சேரிக்கென்றே எழுதினாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் தப்பின் எடை எவ்வளவு? சொந்தத் தண்ணீரில் விரயம் என்றால் 'மக்ரூஹ்', வெறுக்கத்தக்கது என்றார்கள் பெரும்பாலோர். ஹராம் என்றவர்கள் சிலர். வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீரில், அதாவது பள்ளிவாசல், மதரஸா மாதிரிப் பொது இடத்துத் தண்ணீரில் தேவைக்கு மேல் கொட்டினால் ஹராம் என்று ஹனஃபி, ஷாஃபி நூல்கள் இரண்டும் சொல்கின்றன. அது உன்னுடையது இல்லை, கொடுத்தவர் அதற்காகக் கொடுக்கவும் இல்லை என்பது காரணம். அதே ஏழு மக், வீட்டில் கொட்டினால் ஒரு எடை, பள்ளிவாசலில் வேறு எடை. தண்ணீர் பொதுவாக ஆக ஆகத் தப்பு பெரிதாகிறது.

அப்படியானால் பூமிக்கடியில் இருப்பது யார் தண்ணீர்? தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்கிற பொருளில் அபூதாவூதில் ஒரு நபிமொழி இருக்கிறது. கிணறு வெட்டினவனுக்கு அதைச் சுற்றி 40 முழம் உரிமை, அதற்குள் இன்னொருத்தன் வந்து வெட்டித் தண்ணீரை இழுக்கக் கூடாது என்கிற 'ஹரீம்' விதியும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த சிவில் சட்டமான மெஜெல்லேயில் இந்த நாற்பது அப்படியே இடம்பெற்றது. (மேலே வந்த 40 அடிக்கும் இந்த 40 முழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தயவுசெய்து யாரும் முடிச்சுப் போட்டு அடுத்த புத்தகம் எழுதிவிட வேண்டாம்.) ராட்டினக் கிணற்றுக்கு 40 முழம் போதும். 300 அடி போர்வெல்லில் மோட்டார் இறக்கினால் அதன் ஹரீம் எத்தனை முழம்? நான் தேடிய விரிவுரைகளில் இந்தக் கேள்வி இல்லை. இது அரபு இலக்கணம் தெரிந்த ஆலிமும் நீரியல் தெரிந்த எஞ்சினீயரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து போடவேண்டிய கணக்கு. இப்படி நடந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. கழிவுநீரைச் சுத்திகரித்தால் ஒளுவுக்கே பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு, நிபுணர்களிடம் கேட்டுவிட்டு, முழுக்கச் சுத்தமானால் ஆகும் என்று சவூதி உலமா சபை 1978-இலேயே தீர்ப்புச் சொன்னது.

ஒளுத் தண்ணீரை மிச்சம் பிடித்தால் கடல் உள்ளே வராமல் நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நிற்காது. தண்ணீரை உறிஞ்சுவதில் விவசாயமும் ஆலைகளும் ஊர் முழுக்க ஓடுகிற மோட்டார்களும் முன்னால் நிற்கின்றன. புதுச்சேரியில் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2002-லேயே சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் உப்பு ஏறத்தான் செய்கிறது. இதனால்தான் வெறும் குழாய்ச் சிக்கனத்தோடு பயானை முடித்துவிடக் கூடாது என்கிறேன். வக்ஃபு தண்ணீர் பற்றிய அந்தப் பழைய வரியைக் கொஞ்சம் நகர்த்தி, ஊரின் நிலத்தடி நீர் முழுவதையும் கூட்டாளிகளின் தண்ணீர் என்று ஒரு அஜ்ரத் ஜும்ஆவில் வாசித்துக் காட்டினால், போர்வெல் வைத்திருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அது உறைக்கும். லாரித் தண்ணீர் வியாபாரிக்கும் உறைக்கும். அப்புறம் சந்தா வசூல் குறையலாம். மரம் நடுங்கள் என்று பேசினால் யாருக்கும் உறைக்காது, மேடையில் ஒரு கன்றும் போட்டோவும் கிடைக்கும்.

நண்பர் வேறொன்று யோசித்து வைத்திருக்கிறார். ஷாஃபி மரபில், ஒருமுறை ஒளுவுக்குப் பயன்பட்ட தண்ணீர் சுத்தமானதுதான்; மறுபடி ஒளுவுக்கு மட்டும் ஆகாது. அதைத் தென்னைக்கு விடவோ, வடிகட்டிப் பூமிக்குள் இறக்கவோ ஒரு தடையும் இல்லை. அவர் தொழப் போகும் பள்ளிவாசலில் (பெயர் வேண்டாம்) அத்தனை வேளைத் தண்ணீரும் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. வளாகத்தின் மூலையில் ஒரு பழைய கிணறு தூர்ந்து கிடக்கிறது. பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு பைப், நடுவில் ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி. எஸ்டிமேட்கூடப் போட்டுவிட்டார். கமிட்டியில் வைத்தபோது எல்லாரும் நல்ல யோசனை என்றார்களாம். இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது, மூன்றாவதில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாடியில் சலசலவென்று சத்தம். ஓவர்ஹெட் டேங்க் நிரம்பி, தண்ணீர் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. 'மோட்டார்!' என்று கத்திக்கொண்டே நண்பர் படியில் இறங்கி ஓடினார்.